காது முன்னே, விரல் பின்னே

சேலம், நாமக்கல் வட்டாரத்துக் கல்யாண மண்டபங்களில் ஒரே மேடை ஓர் இரவு இடைவெளியில் இரண்டு வகை இசையைக் கேட்கிறது. முதல் நாள் மாலை வரவேற்பில் மெல்லிசைக் குழு. கிட்டார் வாசிப்பவர் இளையராஜா பாட்டின் இடையிசையை இசைத்தட்டில் உள்ளது உள்ளபடி, ஒரு சுரம் பிசகாமல் வாசிக்கிறார். கூட்டம் கை தட்டுகிறது. தட்டத்தான் வேண்டும், அப்படி வாசிக்கப் பல வருட உழைப்பு வேண்டும்.

மறுநாள் விடியலில் நாதஸ்வரம். மேளக்காரர் பிலஹரி ராகத்தை எடுக்கிறார். மணவறைப் பக்கம் ஒரு கண் இருக்கிறது. பெண்ணை அழைத்துவரத் தாமதமானால் ராகம் நீள்கிறது. சட்டென்று யாரோ கையைக் காட்டினால் இரண்டு மூச்சில் ராகத்தைப் பாங்காக முடித்துவிட்டுக் கெட்டிமேளத்துக்குத் தாவுகிறார். போன முகூர்த்தத்தில் இதே பிலஹரி வேறு வழியில் போனது. அடுத்த முகூர்த்தத்தில் இன்னொரு வழியில் போகும். எதிரே தாள் எதுவும் இல்லை.

இதை அவர் முந்தின நாளே யோசித்து வைத்துக்கொண்டாரா? இல்லை என்றால் அந்த நொடியில் எங்கிருந்து வருகிறது? இதன் மறுபக்கம் இன்னும் விசித்திரமானது. மாலையில் அவ்வளவு சுத்தமாக வாசித்த கிட்டார்க்காரரிடம், “பாட்டு வேண்டாம், உங்கள் மனசுக்குத் தோன்றியதை ஒரு நிமிஷம் வாசியுங்கள்” என்றால் பல பேர் திணறிப்போகிறார்கள். விரலில் குறையில்லை. வேகத்திலும் குறையில்லை. பிறகு எதில் குறை?

எழுதி வைக்காத இசையை அந்தந்த நேரத்தில் உருவாக்கி வாசிப்பதைக் கர்நாடக சங்கீதத்தில் மனோதர்மம் என்பார்கள். ஆலாபனையும் நிரவலும் கற்பனாஸ்வரமும் அதன் வடிவங்கள். கிட்டாரில் அதை ஒருவர் எப்படிக் கற்றுக்கொள்ள முடியும், கற்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

நாமகிரிப்பேட்டைக்காரர்

ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் நாமகிரிப்பேட்டை இருக்கிறது. மஞ்சள் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். அந்த ஊரின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சுமந்து உலகம் சுற்றியவர் நாதஸ்வர வித்வான் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன். 1924இல் பிறந்து 2001இல் மறைந்தார். 1981இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் பெயர் தெரியாத தமிழர்கள்கூட அவர் வாசிப்பைக் கேட்டிருப்பார்கள். மேளம் வைக்க வசதியில்லாத வீட்டுக் கல்யாணங்களில் ஒலிபெருக்கி வழியாக மங்கல இசை முழங்கியது பல இடங்களில் அவருடைய ஒலிநாடாக்களிலிருந்துதான்.

நாதஸ்வரத்தில் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் ஏழே ஏழு. கிட்டாரில் உள்ளதுபோல் “இங்கே அழுத்தினால் இந்தச் சுரம்” என்று உறுதி சொல்லும் ஏற்பாடு அதில் கிடையாது. ஒரே துளையை விரலால் பாதி மூடியும், ஊதும் முனையான சீவாளியை உதட்டால் இறுக்கியும், மூச்சைக் கூட்டியும் குறைத்தும் பல சுரங்களை எடுக்க வேண்டும். கருவி சுரத்தைத் தராது. வாசிப்பவர் காதில் அந்தச் சுரம் முதலில் ஒலித்தால்தான் வெளியே சரியாக வரும். கிட்டார் இதற்கு நேர் எதிர். ஆறு கம்பி, இருபதுக்கு மேற்பட்ட மெட்டுகள் (விரலுக்கு அடியில் குறுக்கே ஓடும் உலோகக் கட்டைகளை வீணைக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள்). எங்கே அழுத்தினாலும் சுருதி சுத்தமான ஏதோ ஒரு சுரம் கேட்கும். காது தூங்கினாலும் கருவி பேசும்.

கிட்டார் கற்பவருக்கு இந்த வசதிதான் பெரிய தடை என்பது என் கருத்து. நாதஸ்வரப் பிள்ளைக்குக் காதை முதல் நாளிலிருந்தே வேலை வாங்காமல் வேறு வழியில்லை. கிட்டார்ப் பிள்ளை கண்ணை வைத்தே வருடக்கணக்கில் ஓட்டிவிடலாம்.

வெறுங்கை முழம் போடுமா?

மனோதர்மம் என்றதும் வானத்திலிருந்து விழுவது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், இசையில் மட்டுமில்லை.

கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்து இரவு இரவாகப் பாடுவார்கள். பொன்னர், சங்கர் கதை. 1965இல் கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக், காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அந்தப் பாட்டை ஒலிநாடாவில் முழுமையாகப் பதிவு செய்தார். அதே பாடகர் அதே கதையைக் கூட்டம் இல்லாமல், எழுதுபவர் ஒருவருக்குச் சொல்லச் சொல்ல எழுத வைத்த வடிவமும் அவருக்குக் கிடைத்தது. இரண்டும் ஒன்றல்ல. கதை அதேதான், சொல்லும் அளவும் வேகமும் பாட்டுக்கும் வசனத்துக்குமான பங்கும் மாறியிருந்தன. பாடகர் கதையை வரிவரியாக மனப்பாடம் செய்து ஒப்பிக்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

1930களில் யூகோஸ்லாவியாவின் வாய்மொழிக் காவியப் பாடகர்களை மில்மன் பாரி, ஆல்பர்ட் லார்டு என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். ஆயிரக்கணக்கான வரிகளை ஒரே மூச்சில் பாடும் அவர்களிடம் ஒரு களஞ்சியம் இருந்தது: குதிரை ஏறும் காட்சிக்கு, சபை கூடும் காட்சிக்கு, பொழுது விடிவதற்கு என்று யாப்பில் கச்சிதமாகப் பொருந்தும் சொற்கோவைகள். பாடகர் அவற்றை இடத்துக்கு ஏற்ப நீட்டி, குறுக்கி, கோத்து அந்த நேரத்தில் காவியம் செய்தார்.

இசையில் இதே கேள்வியை 1974இல் தாமஸ் ஓவன்ஸ் என்ற ஆய்வாளர் கேட்டார். அமெரிக்க ஜாஸ் இசையில் மனோதர்மத்தின் சிகரம் என்று கருதப்படும் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரின் சுமார் 250 தனி வாசிப்புகளை எழுதி எடுத்து ஒப்பிட்டார். ஊற்றெடுத்துப் பொங்குவதுபோல் கேட்கும் அந்த வாசிப்புகளில் ஏறக்குறைய 100 சிறிய சுரக்கோவைகள் திரும்பத் திரும்ப வந்தன. இடம் வேறு, சேர்க்கை வேறு, தொடக்கமும் முடிவும் வேறு.

நம் சங்கீதத்தில் இதற்குப் பெயர் ஏற்கெனவே உண்டு. ஒரு ராகத்தை ஒரே நொடியில் அடையாளம் காட்டிவிடும் சுரக்கோவையைப் பிடி என்பார்கள். பிடிகள் கைவசம் இருப்பவர்தான் ராகத்தைக் கட்டி எழுப்ப முடியும்.

நொடிக்கு எட்டுச் சுரம்

பிடி எதற்கு? சுரம் சுரமாக யோசித்து வாசித்தால் என்ன குறைந்துபோகும்? நேரம் போதாது.

ஓர் ஒலியைக் கேட்டவுடன் விரலை அசைக்கும் எளிய செயலுக்கே நல்ல பழக்கம் உள்ளவருக்கும் நொடியில் ஏழில் ஒரு பங்கு ஆகும். “அடுத்து எந்தச் சுரம்” என்று பலவற்றிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டுமானால் இன்னும் கூடும். நடுத்தர வேகத்துக்குச் சற்று மேலே, நொடிக்கு எட்டுச் சுரம் வாசிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சுரத்துக்குக் கிடைப்பது நொடியில் எட்டில் ஒரு பங்கு. வாசித்த சுரத்தைக் கேட்டு, அடுத்ததைத் தீர்மானித்து, விரலுக்குக் கட்டளை அனுப்புவதற்குள் அந்தச் சுரத்தின் முறை போய்விட்டிருக்கும்.

1951இல் கார்ல் லாஷ்லி என்ற நரம்பியல் அறிஞர் இதை ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் எடுத்துக்காட்டினார். கலைஞரின் விரல்கள் நொடிக்கு 16 முறைகூட மாறி மாறி அசையும். ஒவ்வோர் அசைவும் முந்தைய அசைவின் விளைவை உணர்ந்து அதற்குப் பதிலாகப் பிறக்கிறது என்றால் இந்த வேகம் சாத்தியமே இல்லை. ஆகவே ஒரு முழுத் தொடரும் மூளையில் முன்பே ஒரே அலகாகத் தயாராகிறது, பிறகு விரல் வழியாக அவிழ்கிறது என்றார்.

பல சிறு அசைவுகளோ தகவல்களோ ஒரே அலகாகக் கட்டுண்டு நிற்பதை இந்த நூலில் கொத்து என்று சொல்வோம். 1973இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் சதுரங்க ஆட்டக்காரர்களிடம் இதைப் பார்த்தார்கள். நிஜமான ஆட்டத்தின் நடுவிலுள்ள பலகையை ஐந்து நொடி காட்டினால் தேர்ந்தவர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அடுக்கிவிடுகிறார். காய்களைக் கண்டபடி கலைத்து வைத்துக் காட்டினால் புதியவரைவிடப் பெரிதாக ஒன்றும் மேலில்லை. அவருடைய பலம் பொதுவான நினைவாற்றலில் இல்லை. பழகிய அமைப்புகளைக் கொத்தாகக் காண்பதில் இருக்கிறது. பிலஹரி வாசிப்பவருக்கு ஒவ்வொரு பிடியும் ஒரு கொத்து. ஒன்று விரலில் அவிழ்ந்துகொண்டிருக்கும்போது அவர் காது அடுத்ததைக் கேட்கத் தொடங்கியிருக்கும். ஒரு சுரத்துக்குக் கிடைக்காத அவகாசம் ஒரு கொத்துக்குக் கிடைக்கிறது.

ஒரே கம்பி, ஐந்து சுரம்

இப்போது கிட்டாரைக் கையில் எடுங்கள். இல்லாதவர்கள் தாளில் ஒரு கோடு போட்டுக்கொண்டும் தொடரலாம்.

மோகன ராகத்தை எடுத்துக்கொள்வோம். ச, ரி, க, ப, த என்ற ஐந்து சுரம். ஏறும்போதும் இறங்கும்போதும் அதே ஐந்து. கிட்டார் வகுப்பில் இதை மேஜர் பென்டாடோனிக் ஸ்கேல் என்று சொல்லிக்கொடுப்பார்கள். இதே ஐந்து சுர அமைப்பு சீன இசையிலும் ஸ்காட்லாந்து நாட்டுப்பாடல்களிலும் உண்டு.

வழக்கமாகச் சுருதி கூட்டிய கிட்டாரில் மெல்லிய கம்பியிலிருந்து எண்ணினால் நான்காவது கம்பியை ச என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்த தடித்த கம்பி, ஐந்தாவது, தானாகவே கீழ்ஸ்தாயி ப ஆக அமைந்துவிடும். ஐந்தாவதை விரல் வைக்காமல் அவ்வப்போது மீட்டிக்கொண்டே இருந்தால் அதுதான் உங்கள் ஒத்து, சுருதி. ராகம் முழுவதும் நான்காவது கம்பி ஒன்றிலேயே நடக்கட்டும். வெறும் கம்பி ச. 2ஆம் மெட்டு ரி. 4ஆம் மெட்டு க. 7ஆம் மெட்டு ப. 9ஆம் மெட்டு த. 12ஆம் மெட்டு மேல் ச. பெரும்பாலான கிட்டார்களில் 7, 9, 12ஆம் மெட்டுகளில் புள்ளி வைத்திருப்பதால் தேட வேண்டியதில்லை.

மேல் சவையும் சேர்த்தால் ஆறு இடங்கள். நான்கு சுரம் கொண்ட ஒரு சிறு கோவை செய்யலாம் என்றால் எத்தனை வழி? ஒவ்வோர் இடத்திலும் ஆறு தேர்வு. ஆறை நான்கு முறை பெருக்கினால் 1,296. மனோதர்மம் வாசிக்கச் சொன்னதும் மனம் உறைந்துபோவது ஏன் என்று இந்த எண் சொல்லிவிடுகிறது. 1,296 கதவுகள் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் எதில் நுழைவது?

ஆகவே ஒரு கட்டுப்பாடு போடுவோம்: ஒரு சுரத்திலிருந்து பக்கத்துச் சுரத்துக்கு மட்டுமே போகலாம். ரியிலிருந்து சவுக்கோ கவுக்கோ போகலாம், தாவ முடியாது. 1,296 சட்டென்று 32 ஆகிவிடும். இன்னொரு கட்டுப்பாடு: கடைசியில் கவில் வந்து நிற்க வேண்டும். மோகனத்தில் நின்று இளைப்பாற நல்ல சுரம் அது. இப்போது மிஞ்சுவது ஏழே ஏழு.

ரி ச ரி க
ரி க ரி க
ப க ரி க
ரி க ப க
ப க ப க
ப த ப க
மேல் ச, த, ப, க

ஏழையும் மெதுவாக வாசியுங்கள். வாசிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் பாடுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. சுரம் சேர்ந்தால் போதும். ஏழும் ஏழு குணம். முதல் கோவை கீழே தொட்டுவிட்டு மேலே வருகிறது, எதையோ கேட்பதுபோல் இருக்கும். கடைசிக் கோவை உயரத்திலிருந்து இறங்கி வந்து அமர்கிறது. சுரங்கள் ஒன்றாக இருந்தும் உணர்ச்சி மாறுவதைக் காது கவனித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து நீளம். நான்கு சுரத்தில் ஒவ்வொன்றையும் நீட்டலாம் அல்லது குறுக்கலாம். அதற்கு 16 வழி. ஏழு கோவை, 16 வழி: 112 வாசகம். கடைசிச் சுரத்தை நீட்டி நிறுத்துவதைக் கார்வை என்பார்கள். கார்வை கொடுத்துப் பாருங்கள், கோவைக்கு முற்றுப்புள்ளி வைத்ததுபோல் இருக்கும். ஒரு புது சுரம்கூடச் சேர்க்காமல் நூறைத் தாண்டிவிட்டீர்கள். தொடக்கக்காரர்கள் சுரங்களைக் கூட்டிக்கொண்டே போவதும், நீளத்தையும் மௌனத்தையும் மறந்துவிடுவதும் நான் அடிக்கடி பார்க்கும் வழக்கம். காலப் பிரமாணம் இல்லாத சுரக்கோவை எவ்வளவு நயமாக இருந்தாலும் எடுபடாது.

இப்போது பதில். பக்கத்துச் சுரத்துக்கு மட்டும் போகும் அதே விதியில் சவில் முடியும் கோவைகள் மூன்று: ரி ச ரி ச, ரி க ரி ச, ப க ரி ச. கவில் முடிவது கேள்வி, சவில் முடிவது பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு கேள்வி, மூன்று பதில். 21 சிறு உரையாடல். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில் முதல் நான்கில் கேள்வி, அடுத்த நான்கில் எதுவும் வாசிக்காதீர்கள். அந்த மௌனத்தில் பதிலை மனசுக்குள் பாடுங்கள். அடுத்த சுற்றின் முதல் நான்கில் பதிலை வாசியுங்கள். மௌனத்தை விடவே விடாதீர்கள். அடுத்ததைக் காது முன்கூட்டிக் கேட்கும் பழக்கம் அந்த நான்கு எண்ணிக்கையில்தான் வளர்கிறது.

சில வாரம் இதில் ஊறிய பிறகு விதியைத் தளர்த்துங்கள். ஒரே ஒரு தாவல் மட்டும் அனுமதி: சவிலிருந்து பவுக்கு, அல்லது கவிலிருந்து தவுக்கு. இவ்வளவு நாள் படிப்படியாக நடந்த காதுக்கு அந்த ஒற்றைத் தாவல் தரும் இன்பத்தைச் சொல்லி விளக்க முடியாது, கேட்டுத்தான் அறிய வேண்டும். கேட்பவரின் எதிர்பார்ப்பைக் கட்டி எழுப்பி, அதைத் தாமதித்தும் தவிர்த்தும் நிறைவேற்றியும் இசை உணர்ச்சியை உண்டாக்குகிறது என்று 1956இல் லியோனார்டு மேயர் எழுதினார். எதிர்பார்ப்பே உருவாகாத இடத்தில் தாவல் வெறும் தாவல்.

இழுத்தால் ஏறும், இறங்காது

இதுவரை வாசித்தது மோகனத்தின் எலும்புக்கூடு. சுரங்களை நிற்க வைத்தபடியே வாசித்தால் நம் காதுக்கு ராகம் முழுமையாகாது. அசைவு வேண்டும், கமகம் வேண்டும்.

எளியது ஜாரு. ரியில் மீட்டி, விரலை எடுக்காமல் கம்பியின் மேலேயே கவுக்கு வழுக்கிச் செல்வது. இன்னொன்று கம்பியைப் பக்கவாட்டில் இழுப்பது. 7ஆம் மெட்டில் பவை மீட்டி, கம்பியைத் தள்ளித் த ஒலிக்கும்வரை இழுங்கள். கம்பியின் விறைப்பு கூடக்கூடச் சுருதி ஏறுகிறது. பவிலிருந்து தவுக்கு ஏற விறைப்பு ஏறக்குறைய கால் பங்கு கூட வேண்டும். விரல் நுனி வலிப்பதற்கு அதுதான் காரணம். இழுத்தால் சுருதி ஏறும், இறங்காது. மேலிருந்து கீழே வழிய வேண்டுமானால் முதலிலேயே ஓசையில்லாமல் இழுத்து வைத்துக்கொண்டு, மீட்டிவிட்டு, மெல்லத் தளர்த்த வேண்டும். அதற்கு, இழுத்து வைத்த கம்பி என்ன சுரம் தரும் என்று மீட்டுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கண்ணால் பார்த்து இதைச் செய்ய முடியாது. கிட்டாரும் நாதஸ்வரம் போலக் காதை நம்பத் தொடங்கும் இடம் இதுதான்.

சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானப் பொறியியலும், பாஸ்டனின் பெர்க்லீ இசைக் கல்லூரியில் இசையும் படித்த ஆர். பிரசன்னா கர்நாடக சங்கீதத்தைக் கிட்டாரில் வாசிப்பதைக் கேட்டால், மெட்டுப் போட்ட கருவி எவ்வளவு தூரம் வளைந்து கொடுக்கும் என்பது தெரியும்.

கட்டம் அதே, ராகம் வேறு

கிட்டார் கற்பவர்கள் ஸ்கேலை ஒரு கட்டமாக மனப்பாடம் செய்கிறார்கள்: இந்தக் கம்பியில் இந்த இரண்டு மெட்டு, அடுத்த கம்பியில் இந்த இரண்டு என்று. கட்டத்துக்குள் விரல் எங்கே விழுந்தாலும் தவறு வராது. ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். மோகனத்தின் அதே ஐந்து இடங்களை மாற்றாமல், ரியைச் ச என்று பாவித்து அதற்கேற்பச் சுருதியை மீட்டினால் மத்தியமாவதி கேட்கும். கவைச் சவாக்கினால் ஹிந்தோளம். பவைச் சவாக்கினால் சுத்த சாவேரி. தவைச் சவாக்கினால் சுத்த தன்யாசி. இதைக் கிரகபேதம் என்பார்கள். விரல்கள் தொடும் இடங்கள் ஒன்றே, ராகம் ஐந்து.

கட்டத்தை மட்டும் அறிந்த விரலுக்கு இந்த ஐந்துக்கும் வேறுபாடு தெரியாது. எது வீடு, எங்கே திரும்பி வர வேண்டும் என்று சொல்வது காதும் சுருதியும்தான். மெல்லிசைக் குழுவின் திறமையான கிட்டார்க்காரர் திணறிய இடத்துக்கு இப்போது வந்துவிட்டோம். அவர் பாட்டுகளை முழுக் கட்டங்களாகக் கற்றிருக்கிறார். உள்ளே இருக்கும் சிறு கொத்துகளைப் பிரித்து எடுத்து, வேறு இடத்தில் கோக்கும் வேலையை அவரிடம் யாரும் கேட்டதில்லை. நாதஸ்வரக்காரரிடம் ஒவ்வொரு முகூர்த்தமும் அதைத்தான் கேட்கிறது.

வாய்க்கும் விரலுக்கும் நடுவே

காதையும் விரலையும் மூளை எப்படி இணைக்கிறது? ஜெர்மனியின் ஹானோவர் நகரில் மார்க் பாங்கெர்ட், எக்கார்ட் ஆல்ட்டன்முல்லர் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை அழகாகக் காட்டியது. பியானோ தொட்டிராதவர்களுக்கு எழுத்தும் படமும் இல்லாமல், கேட்ட சுரத்தொடரைத் திரும்ப வாசிக்கும் பயிற்சி தந்தார்கள். ஒரு குழுவுக்குச் சாதாரண விசைப்பலகை. மற்றக் குழுவுக்கு எந்த விசை எந்தச் சுரம் என்பதைக் கலைத்துக் கலைத்துப் போட்ட பலகை. முதல் குழுவில் 20 நிமிடப் பயிற்சி முடிந்தவுடனேயே, கை அசையாமல் வெறுமனே கேட்கும்போதும் கையை இயக்கும் மூளைப் பகுதியில் சலனம் தெரியத் தொடங்கியது. ஐந்து வாரத்தில் அது உறுதிப்பட்டது. கலைத்துப் போட்ட பலகைக்காரர்களிடம் அந்த இணைப்பு உருவாகவில்லை.

ஓசைக்கும் அசைவுக்கும் நிலையான உறவு இருந்து, அதைக் காது வழியாகத் தேடும்போது பாலம் கட்டப்படுகிறது. மெட்டு எண் எழுதிய தாளைப் பார்த்து வாசிக்கும்போது கண்ணிலிருந்து விரலுக்குப் பாதை போகிறது. காது கேட்பவர் வரிசையில் உட்கார்ந்துவிடுகிறது.

காது கற்றுக்கொள்வதற்குப் பெரிய பாடம் எதுவும் வேண்டியதில்லை. 1996இல் ஜெனி சாஃப்ரன் குழுவினர் எட்டு மாதக் குழந்தைகளுக்குப் பொருளற்ற அசைகளின் இடைவிடாத ஓட்டத்தை இரண்டு நிமிடம் கேட்க வைத்தார்கள். எந்த அசைக்குப் பின் எந்த அசை வழக்கமாக வருகிறது என்பதைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள். 1999இல் அசைக்குப் பதில் சுரங்களை வைத்தும் அதே முடிவு கிடைத்தது. நாதஸ்வரக் குடும்பத்தில் வளரும் பிள்ளை கருவியை வாயில் வைப்பதற்கு முன்பே ஆயிரக்கணக்கான மணி நேரம் தோடியையும் கல்யாணியையும் கேட்டுவிடுகிறது. தாய்மொழி வருவதுபோல ராகம் வருகிறது.

மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் (1969–2014) கதையை இங்கே சொல்லாமல் போக முடியாது. அவருக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்த ருத்ரராஜு சுப்பராஜு வாய்ப்பாட்டுக்காரர். மாண்டலின் வாசிக்கத் தெரியாதவர். குரு பாடுவார், சிறுவன் அதைக் கம்பியில் தேடி எடுப்பான். எந்த விரலை எங்கே வைப்பது என்று சொல்ல ஆளில்லை. மேலைநாட்டுக் கருவியில் கர்நாடக மனோதர்மம் அவ்வளவு இயல்பாகப் பொங்கியதற்கு இந்தக் கல்விமுறையைப் பெரிய காரணமாக நான் கருதுகிறேன். கடல் கடந்தும் இதேதான். நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனைவிட ஒரு வயது மூத்தவரான அமெரிக்க ஜாஸ் கிட்டார் மேதை வெஸ் மான்ட்கோமரி, இசைக்குறியீடு படிக்கத் தெரியாதவர். சார்லி கிறிஸ்டியன் என்ற முன்னோடியின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு, அவருடைய தனி வாசிப்புகளை அப்படியே எடுத்தார். முதல் மேடை வேலை கிடைத்ததும் அவற்றை அச்சாக வாசித்துக் காட்டியதற்குத்தான். தன் சொந்தக் குரல் பிறகு அவற்றிலிருந்தே கிளம்பியது. ஜாங்கோ ராய்ன்ஹார்ட்டுக்கு 1928இல் நடந்த தீ விபத்தில் இடது கை இரண்டு விரல்கள் முடங்கின. மீதி இரண்டு விரலை வைத்து அவர் வாசித்த தனி வாசிப்புகளை எல்லா விரலும் உள்ளவர்கள் இன்றும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மேற்பார்வையாளர் ஒதுங்கும்போது

2008இல் சார்லஸ் லிம், ஆலன் பிரவுன் இருவரும் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை மூளை ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்க வைத்து, காந்தம் ஈர்க்கும் உலோகம் இல்லாத 35 விசைச் சிறு பலகையை மடியில் கொடுத்தார்கள். மனப்பாடமான இசையை வாசிக்கும்போதும், அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்கும்போதும் மூளையைப் படம் எடுத்தார்கள். தோன்றியதை வாசிக்கும்போது நெற்றிக்குப் பின்னால் பக்கவாட்டில் உள்ள பகுதியின் செயல்பாடு குறைந்தது. நம் செயலைக் கண்காணித்துத் திருத்துவதில் அதற்குப் பங்கு உண்டு. நடுப்பகுதியில், தன்னைப் பற்றிய நினைவுகளோடு தொடர்புடைய இடத்தில், செயல்பாடு கூடியது.

ஆறே பேரை வைத்துச் செய்த ஆய்வு இது. இதன் மேல் பெரிய கோபுரம் கட்டக் கூடாது. “யோசிப்பதை நிறுத்து, இசை வரும்” என்று இதற்குப் பொருள் சொல்பவர்கள் அந்த ஆறு பேரும் தொழில்முறைக் கலைஞர்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். மேற்பார்வையாளர் ஒதுங்கினால் வேலை நடப்பதற்கு, வேலை தெரிந்தவர்கள் உள்ளே இருக்க வேண்டும். கொத்துகள் இல்லாத மூளையில் கண்காணிப்பு குறைந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

தவறு குறித்த அச்சம் கைகளைக் கட்டிப்போடுகிறது என்பதை மட்டும் இந்த ஆய்வின் துணையில்லாமலே சொல்லலாம். மோகனம் வாசிக்கும்போது விரல் தவறி 5ஆம் மெட்டில் விழுந்தால் மத்தியமம் கேட்கும். ராகத்தில் இல்லாத சுரம். நிறுத்திவிடாதீர்கள். அங்கிருந்து ஒரு மெட்டு கீழே வழுக்கினால் க. பாட்டு தொடரும்.

கிட்டார் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு

சேலத்திலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் இன்று கிட்டார் வகுப்புகள் நிறையவே நடக்கின்றன. பிள்ளைகள் கைப்பேசியைப் பார்த்துத் தாமாகவும் கற்கிறார்கள். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு வகுப்பிலாவது தாளையும் திரையையும் எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். நீங்கள் நான்கு சுரம் பாடுங்கள், பிள்ளை கம்பியில் தேடட்டும். கிடைத்ததும் அந்தப் பிள்ளை நான்கு சுரம் பாடட்டும், நீங்கள் தேடுங்கள்.

கற்பவர்களே, அடுத்த முகூர்த்தத்தில் சாப்பாட்டுப் பந்திக்கு அவசரப்படாமல் மேளக்காரர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவரிடம் கேட்டுக்கொண்டு இரண்டு நிமிட ஆலாபனையைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். முழுவதையும் எடுக்க முயல வேண்டாம். ஒரே ஒரு பிடியை, வாயில் சரியாக வரும்வரை பாடிவிட்டு, அதன் பிறகு கிட்டாரைத் தொடுங்கள்.